மாமல்லபுரச் சின்னங்களும் பார்வையாளர் பட்டறிவும்: விளக்கமுறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாமல்லபுரத்துப் பல்லவர் காலச் சின்னங்களைக் காணவருவோரின் பட்டறிவை மேம்படுத்தும் முயற்சிகள் பெரும்பாலும் வசதிப் பெருக்கமாகவே கொள்ளப்படுகின்றன. சாலையும் விளக்கும் புல்வெளியும் பெருகிய அளவிற்கு, பார்வையாளர் தம்முன் நிற்கும் கல்லை எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பது கவனம் பெறவில்லை. சின்னங்களின் பெயர்கள், பெரும்புடைப்புச் சிற்பம் பற்றிய கருத்து வேறுபாடு, முற்றுப்பெறாத வேலைப்பாடுகள், இன்றைய ஊரின் இடம் ஆகிய நான்கையும் முன்வைத்து, அங்குள்ள விளக்கமுறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. முடிவை மட்டும் அறிவிப்பதை விட்டு, அம்முடிவிற்குரிய சான்றைப் பார்வையாளருக்குக் காட்டுவதே மேம்பாட்டின் முதற்படி என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்

மாமல்லபுரம், பல்லவர், மரபுச்சின்னம், விளக்கமுறை, பார்வையாளர் பட்டறிவு, கல்வெட்டு, ஊர்வழக்கு

முன்னுரை

தொன்மையான ஓரிடத்தைக் காணவருவோர் அங்கிருந்து எதைப் பெற்றுச் செல்லவேண்டும் என்னும் வினா, இன்று சுற்றுலாத் துறைக்குரிய வினாவாக மட்டுமே கருதப்படுகிறது. உண்மையில் அது வரலாற்றாய்வுக்கும் கலையாய்வுக்கும் உரிய வினாவுமாகும். ஆய்வாளர் பல்லாண்டுகள் முயன்று கண்டறிந்த செய்திகள் பொதுமக்களை அடையும் இடம் நூலகம் அன்று. சின்னத்தின் வாயிலே ஆகும். அவ்வாயிலில் சொல்லப்படுவது பிழைபடுமாயின், நூலகத்தில் எழுதப்பட்டது பெரும்பாலோர்க்கு எழுதப்படாததாகவே ஆகிவிடும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே வங்கக் கடற்கரையில் அமைந்த மாமல்லபுரம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். குடைவரை, ஒற்றைக்கல் தளி, கட்டுமானக் கோயில், திறந்தவெளிப் புடைப்புச் சிற்பம் என நால்வகைப் படைப்புகளும் நடந்தே காணத்தக்க தொலைவில் அங்கு ஒருங்கே உள்ளன. 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் இவை இடம்பெற்றன. ஆயினும் இவற்றைக் காண்பவர் பெறும் அறிவு, இவற்றின் சிறப்பிற்கு ஈடாக இல்லை என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

1. வருகை எண்ணும் பட்டறிவும்

மரபுச்சின்னம் ஒன்றின் வெற்றியை அளக்க இன்று பயன்படும் அளவுகோல் வருகை எண்ணிக்கையே. ஒன்றிய அரசின் 2022ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளிவிவர அறிக்கை, 2021–22ஆம் ஆண்டில் கட்டணம் பெறும் ஒன்றியப் பாதுகாப்புச் சின்னங்களுள் அயல்நாட்டினர் மிகுதியாக வந்த இடமாக மாமல்லபுரத்தைக் காட்டியது. அவ்வாண்டில் 1,44,984 அயல்நாட்டினர் இங்கு வந்தனர். தாஜ்மகாலுக்கு வந்தோர் 38,922 பேர். தாஜ்மகாலை மாமல்லபுரம் விஞ்சியது என்று இச்செய்தி பரவலாகக் கொண்டாடப்பட்டது. பெருந்தொற்றால் பன்னாட்டுப் பயணம் முடங்கியிருந்த ஆண்டு அது என்பது ஒருபுறமிருக்க, வந்தவர்கள் எதைக் கண்டார்கள், எதை அறிந்தார்கள் என்பதற்கு இவ்வெண்ணில் விடையில்லை.

2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்குச் சந்தித்தபோது, ஊர் புதுப்பொலிவு பெற்றது. சாலைகள் சீராயின, புல்வெளிகள் அமைந்தன, சின்னங்கள் இரவில் ஒளியூட்டப்பெற்றன. இவை தேவையானவையே. நிழலும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் வரலாற்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கோடையின் நண்பகலில் கருங்கற் பாறைமீது நிற்பவர்க்கு முதல் தேவை நிழலே. ஆனால் இவ்வசதிகள் யாவும் பார்வையாளரின் உடலை மனங்கொண்டவை. அவருடைய அறிவை மனங்கொண்ட ஏற்பாடு எது என்று வினவினால், விடை எளிதில் கிட்டுவதில்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களின் முன் தவறாது காணப்படுவது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அச்சின்னம் நாட்டின் முதன்மைவாய்ந்தது என அறிவித்து, சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர் என எச்சரிக்கும் பலகையாகும். அடுத்துள்ள பலகை அரசன், நூற்றாண்டு, தெய்வம், கட்டடக் கூறு ஆகியவற்றை வரிசைப்படுத்தும். முன்னது பார்வையாளரைக் குற்றம் புரியக்கூடியவராகவும், பின்னது தேர்வெழுதும் மாணவராகவும் கொள்கிறது. ஃப்ரீமன் டில்டன் 1957இல் எழுதிய நூலில் தகவல் வேறு, விளக்கம் வேறு எனப் பிரித்துக் காட்டினார். தகவலை அடிப்படையாகக் கொண்டு பொருளைத் திறந்து காட்டுவதே விளக்கம் என்பது அவர் கொள்கை. இவ்வேறுபாடு நம் சின்னங்களின் வாயிலை இன்னும் எட்டவில்லை எனலாம்.

2. பெயர்களின் அடுக்கு

மாமல்லபுரத்தில் பார்வையாளர் முதலில் கேட்பது பெயர்களைத்தாம். தருமராசர், வீமன், அருச்சுனன், திரௌபதி, நகுல சகாதேவர் என்னும் பெயர்களோடு ஐந்து 'ரதங்கள்' அவருக்கு அறிமுகமாகின்றன. இவ்வைந்தும் தேர்களல்ல, பாண்டவர்க்கு எடுக்கப்பட்டவையும் அல்ல. 'திரௌபதி ரதம்' எனப்படுவது கொற்றவைக்குரிய தளி. கருவறையின் உட்சுவரில் அத்தேவியின் உருவமே உள்ளது. கலைவரலாறு பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் பெரும்பாலான பார்வையாளர் பாண்டவர் கதையைக் கேட்டு, அக்கதையோடே திரும்புகின்றனர்.

இதனால் நேரும் இழப்பு வெறும் பெயர்ப்பிழை அன்று. ஐந்து தளிகளும் ஐந்து வேறு வடிவங்களில் செதுக்கப்பட்டவை என்பதே அங்குக் காணவேண்டிய பெருஞ்செய்தியாகும். ஓலைக் குடிசையின் கூரையை ஒன்று கல்லில் காட்டுகிறது. எண்பட்டைச் சிகரத்துடன் இரு தளங்களாக ஒன்றும், மூன்று தளங்களாக மற்றொன்றும் எழுகின்றன. வண்டிக்கூடு போன்ற நீள்கூரையை ஒன்று தாங்குகிறது. யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானைமாட வடிவில் ஒன்று அமைகிறது. அத்தூங்கானைமாடத்தின் அருகிலேயே முழு யானை ஒன்றைச் சிற்பிகள் கல்லில் வடித்து நிறுத்தியுள்ளனர். யானையையும் கோயிலையும் ஒருசேரக் காணும் குழந்தைக்கும் அக்கட்டடச் சொல்லின் பொருள் விளங்கும். மரமும் ஓலையும் செங்கல்லும் கொண்டு தமிழகத்தில் எழுந்து அழிந்த கட்டடங்களின் உருவைக் கல்லில் காத்துவைத்த தொகுப்பு இது. 'ஐவர்' என்னும் கதை, 'ஐந்து வடிவம்' என்னும் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

கணேச ரதம் மற்றொரு சான்று. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அதனைச் சிவனுக்குரிய தளியாகவே காட்டுகிறது. பிள்ளையார் உருவம் பிற்காலத்தில் வைக்கப்பட்டது. 'கடற்கரைக் கோயில்' என்பதும் இக்கால வழக்கே. அங்குள்ள முதலாம் இராசராசன் காலத் தமிழ்க் கல்வெட்டு, அவ்வளாகத்தின் மூன்று திருமுன்களையும் சத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராசசிம்ம பல்லவேசுவரம், பள்ளிகொண்டருளிய தேவர் என்று தனித்தனியே சுட்டுகிறது. சிவனுக்குரிய இரு விமானங்களுக்கு இடையே, இயற்கைப் பாறையில் செதுக்கிய கிடந்த கோலத் திருமால் இருப்பதை இம்மூன்று பெயர்களே சொல்லிவிடுகின்றன. 'கடற்கரைக் கோயில்' என்னும் ஒற்றைப் பெயர் அதனைச் சொல்வதில்லை.

ஆகவே ஊர்வழக்குப் பெயர்களை நீக்கிவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. அவையும் வரலாறே. திரௌபதியம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் செழித்த தமிழகத்தின் வடபகுதியில், பொருள் மறக்கப்பட்ட கற்றளிகளுக்கு மக்கள் பாரத மாந்தரின் பெயர்களைச் சூட்டியமை அச்சூழலில் வைத்தே பொருள்கொள்ளத்தக்கது. ஊரின் பெயரும் இத்தகைய அடுக்குகளைக் கொண்டதே. திருமங்கையாழ்வார்க்கு இது கடல்மல்லை. சோழர் கல்வெட்டில் மாமல்லபுரம். மாபலி கதையை ஒட்டி மகாபலிபுரம். ஐரோப்பிய மாலுமிகளுக்கு ஏழு கோபுரங்கள். வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் வெளியான தம் கட்டுரையில், மாபலியின் நகரம் கடலில் மூழ்கிய கதையை ஊரார் வாய்வழிக் கேட்டுப் பதிவு செய்தார். பெயர் ஒவ்வொன்றும் ஒரு காலத்தவர் இவ்விடத்தைப் புரிந்துகொண்ட முறையைக் காட்டுகிறது. எப்பெயர் எக்காலத்தது, எச்சான்றால் அறியப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்டாமல் ஒரே வரிசையில் நிறுத்துவதே குறை.

3. ஒரு பாறை, இரு தவங்கள்

ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள பெரும்புடைப்புச் சிற்பம் மாமல்லபுரத்தின் நடுவிடமாகும். ஊர்வழக்கு அதனை 'அருச்சுனன் தபசு' என்கிறது. பாசுபதம் வேண்டி அருச்சுனன் ஒற்றைக் காலில் நின்று தவம் புரிய, சிவபெருமான் வரமருளும் காட்சி என்பது அதன் பொருள். 1914ஆம் ஆண்டில் விக்டர் கொலுபேவ், இது பகீரதன் தவமும் கங்கை இறக்கமும் ஆகும் என்று வாதிட்டார். பாறையின் நடுவிலுள்ள பிளவும், அதில் மேனோக்கி எழும் நாகர்களும், பிளவின் மேற்புறத்தில் நீரைத் தேக்கும் அமைப்பு இருந்ததற்கான தடயங்களும் அவர் கருத்திற்கு வலுவூட்டுகின்றன. சிவனருகே நிற்கும் பெருவயிற்றுப் பூதத்தைப் பாசுபதப் படைக்கலத்தின் உருவாகக் கொள்வோர் முதற்கருத்தை விடவில்லை. இரு பொருளும் தோன்றுமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்று பத்மா கைமல் 1994இல் எழுதிய கட்டுரை மூன்றாம் வழியொன்றைத் திறந்தது.

இக்கருத்து வேறுபாட்டைப் பார்வையாளர் எந்நிலையில் அறிகிறார்? பெரும்பாலும் 'அருச்சுனன் தவம் அல்லது கங்கை இறக்கம்' என்னும் ஒரு தொடராகவே. 'அல்லது' என்னும் அச்சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாதம் அடங்கிக் கிடக்கிறது. அதனை விரித்துக் காட்டினால் பார்வையாளர் குழம்புவார் என்று அஞ்சவேண்டியதில்லை. வாதத்திற்குரிய சான்றுகள் யாவும் அவர் கண்முன்னே பாறையில் உள்ளன. நாகர்களையும் பிளவையும் காணுங்கள், பூதத்தைக் காணுங்கள், இரண்டில் எது பொருந்துகிறது என எண்ணுங்கள் என்று ஒரு பலகை கூறுமாயின், பத்து நிமிடத்தில் படமெடுத்து நகர்பவர் அரைமணி நேரம் அங்கு நிற்பார். கைகளை உயர்த்தித் தவம் செய்வதுபோல் நிற்கும் பூனையும் அதனைச் சூழ்ந்த எலிகளும் அப்போது வெறும் வேடிக்கையாக நில்லா. தவம் என்னும் முதற்பொருளைச் சிற்பி எள்ளலோடு திருப்பிப் பார்த்த இடமாகத் தோன்றும்.

காலக்கணிப்பிலும் இதே நிலைதான். இச்சின்னங்களை முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் தொடங்கிப் பின்வந்தோர் தொடர்ந்தனர் என்பது பரவலான கருத்து. இரா. நாகசாமி 1962இல், கல்வெட்டுகளில் வரும் 'அத்யந்தகாமன்' முதலிய விருதுப் பெயர்களைச் சான்றாகக் கொண்டு, அனைத்தும் இராசசிம்மன் பணியே என்று வாதிட்டார். ஒரே விருதுப்பெயர் தருமராச ரதத்திலும் கணேச ரதத்திலும் காணப்படுவதைப் பார்வையாளருக்குச் சுட்டிக்காட்டுவது எளிது. வரலாறு எழுதப்படும் முறையை, எழுத்தைக் கல்லிலேயே காட்டிக் கற்பிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு இது. ஓர் அரசன் பெயரையும் ஒரு நூற்றாண்டையும் ஐயத்திற்கு இடமின்றி எழுதிவைக்கும் பலகை அவ்வாய்ப்பை இழக்கிறது.

4. முற்றுப்பெறாமையின் பாடம்

மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத வேலைகள் பல. பெரும்புடைப்புச் சிற்பத்தின் பொருளையே மீண்டும் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட மற்றொரு பாறை தெற்கே உள்ளது. வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் அரைகுறையாகவே நிற்கின்றன. அவற்றை நாடிச் செல்வோர் மிகச் சிலர். பயணத் திட்டங்கள் முழுமையானவற்றை முன்னிறுத்தி, முற்றுப்பெறாதவற்றைக் குறையுடையனவாக ஒதுக்குகின்றன.

கற்கும் நோக்கில் காண்பவர்க்கு இவ்வொதுக்கீடு பேரிழப்பாகும். முடிந்த சிற்பம் சிற்பியின் கைத்திறனைக் காட்டும். முடியாத சிற்பமே அவர் வேலைசெய்த முறையைக் காட்டும். பாறை முகப்பைச் சதுரங்களாகப் பகுத்து, இடையிடையே பள்ளமிட்டு, எஞ்சிய மேடுகளை உடைத்தெடுத்துக் குடைந்த முறை முற்றுப்பெறாத குடைவரைகளில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. கே.ஆர். சீனிவாசன் 1964இல் வெளியிட்ட பல்லவர் குடைவரைகள் பற்றிய நூல் இத்தகைய தடயங்களை நுணுகி ஆராய்ந்தது.

ஒற்றைக்கல் தளிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. சிகரம் முடிந்த பின்னரே அடித்தளம் தொடங்கப்படும். இதனால் தருமராச ரதத்தில் மேல்தளங்கள் நுட்பமாக முடிந்திருக்க, கீழ்த்தளம் முரடாக நிற்கிறது. நிலத்தில் நிற்கும் பார்வையாளரின் கண்மட்டத்தில் படுவது முடியாத பகுதியே. முடிந்த பகுதி தலைக்கு மேலே உள்ளது. மேல்தளங்களில் உள்ள இறையுருவங்கள் தனிநூல் ஒன்றிற்கே பொருளாயின, கே.ஆர். சீனிவாசனின் அந்நூல் 1975இல் வெளிவந்தது. பாதுகாப்புக் கருதி அத்தளங்களுக்குப் பொதுமக்கள் ஏறுவதில்லை. இக்கட்டுப்பாடு சரியானதே. ஆனால் ஏறமுடியாதவர்க்கு மேலிருப்பதைக் கீழே காட்டும் கடமை அக்கட்டுப்பாட்டோடு சேர்ந்தே வருகிறது. படங்களும் தொட்டுணரத்தக்க கற்படிகளும் கீழே வைக்கப்படின், படியேற இயலாத முதியோரும் பார்வைக் குறையுடையோரும்கூட அவ்வுருவங்களை அறிவர்.

5. ஊரும் உளியும்

மாமல்லபுரம் வேலியிட்ட தொல்லியல் பூங்கா அன்று. மக்கள் வாழும் ஊர். பெரும்புடைப்புச் சிற்பத்தின் அருகிலேயே தலசயனப் பெருமாள் கோயிலில் வழிபாடு தொடர்கிறது. 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான இக்கோயில் ஆழ்வார் பாடல்பெற்றது. ஆயினும் யுனெஸ்கோ பட்டியலை நம்பிவரும் பார்வையாளருக்கும் ஆழ்வார் பாடலை நம்பிவரும் அடியாருக்கும், ஒரே தெருவில் இருவேறு ஊர்கள் தெரிகின்றன. இரண்டையும் இணைத்துக் காட்டும் விளக்கம் இல்லை.

கடற்கரைக் கோயிலிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டு, மாமல்லபுரத்து ஊரார் தம் நிலங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்ட உடன்பாட்டைப் பதிவு செய்கிறது. மன்னர் பெயரையே தேடுவோர்க்கு அது சிறு செய்தி. ஆனால் இவ்வூரைக் காக்கும் பொறுப்பு ஊராரிடமும் இருந்தமைக்கு அது சான்று. இன்றைய நிலை வேறு. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாக்கியது. சின்னங்கள் ஊரெங்கும் பரவிய இவ்விடத்தில், ஊராரிற் பலர்க்குத் தொல்லியல் என்பது வீட்டைப் பெரிதாக்கத் தடைசொல்லும் அலுவலகமாகவே அறிமுகமாகிறது. பாதுகாப்பின் சுமையைத் தாங்குவோர்க்கு விளக்கத்தில் பங்கில்லை என்பது நேர்மையன்று.

அப்பங்கை ஏற்கத் தகுதியுடையோர் அங்கேயே உள்ளனர். 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அரசு கட்டட, சிற்பக்கலைக் கல்லூரி இவ்வூரில் உள்ளது; மாமல்லபுரக் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன. சாலையின் இருமருங்கிலும் சிற்பக்கூடங்கள் உள்ளன. உளிக்குக் கல் எவ்வாறு இடங்கொடுக்கும், எந்தத் தழும்பு எந்த உளியால் விழுந்தது, ஒரு பாறையை ஏன் பாதியில் கைவிட நேரும் என்பனவற்றைச் சிற்பியைவிடத் தெளிவாகச் சொல்லவல்லார் இலர். ஆனால் பார்வையாளர் அவரைப் பொம்மை விற்பவராக மட்டுமே சந்திக்கிறார். முற்றுப்பெறாத பாறையின்முன் அவரை விளக்குநராக நிறுத்தினால், ஏழாம் நூற்றாண்டும் இன்றும் ஒரே தொழிலின் இரு முனைகளாகத் தோன்றும்.

6. மறுப்புகளும் பரிந்துரைகளும்

இக்கருத்துகளுக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். பெரும்பாலோர் சில மணி நேரமே தங்கும் இடத்தில் ஆய்வுக் கருத்துகளுக்கு இடமேது என்பது முதலாவது. விளக்கம் மிகுதல் வேறு, தெளிதல் வேறு. நீண்ட பலகை தேவையில்லை. இன்றுள்ள அளவிலேயே, அளவுகளையும் கலைச்சொற்களையும் குறைத்து ஒரு சான்றையும் ஒரு வினாவையும் வைத்தால் போதும். கதையே மக்களுக்கு இனியது என்பது இரண்டாவது. அது உண்மையே. ஆனால் கல்லில் உள்ள கதை, கல்லின்மேல் ஏற்றப்பட்ட கதையைவிடச் சுவை குன்றியதன்று. யானையும் தூங்கானைமாடமும் அருகருகே நிற்பதே ஒரு கதைதான்.

2008ஆம் ஆண்டு இகோமாசு அமைப்பு ஏற்ற விளக்கமுறைச் சாசனம், அறிவியல்வழிச் சான்றுகளோடு வாழும் மரபின் வாய்மொழிகளையும் விளக்கத்திற்குரிய மூலங்களாக ஏற்கிறது. உள்ளூர் மக்களின் பங்கேற்பையும் தொடர் மதிப்பீட்டையும் வலியுறுத்துகிறது. அவ்வழியில் பின்வருவனவற்றைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவது, ஒவ்வொரு சின்னத்திற்கும் கல்வெட்டுப் பெயரோ அடிப்படைத் தெய்வத்தின் பெயரோ முதலிலும், ஊர்வழக்குப் பெயர் அடுத்தும் இடம்பெறவேண்டும். இரண்டும் எவ்வாறு அறியப்பட்டன என்பது ஒருவரியில் சுட்டப்பெறவேண்டும். இரண்டாவது, கருத்து வேறுபாடுள்ள இடங்களில் அவ்வேறுபாடே விளக்கத்தின் பொருளாகவேண்டும். மூன்றாவது, முற்றுப்பெறாத சின்னங்களை இணைத்துக் 'கல் கோயிலான முறை' என்னும் தனி நடைவழி அமைக்கப்படவேண்டும். வடக்கே சாளுவன்குப்பத்தில், ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் தளத்தையும் இவ்வழியின் இறுதியில் சேர்த்தால், செங்கல்லிலிருந்து கல்லுக்கு மாறிய வரலாறு முழுமைபெறும். நான்காவது, தமிழ்ப் பலகைகள் ஆங்கில வாசகத்தின் பெயர்ப்பாக அமையாது, தூங்கானைமாடம், திருமுன், கற்றளி போன்ற சொற்களோடு தமிழிலேயே எழுதப்படவேண்டும். ஐந்தாவது, சிற்பிகளும் வழிகாட்டிகளும் ஆய்வாளருடன் கூடிப் பயிலும் ஏற்பாடு வேண்டும். இறுதியாக, வந்தவர் எத்தனை பேர் என்பதோடு, திரும்புகையில் எதை அறிந்து திரும்பினர் என்பதும் ஆண்டுதோறும் அளக்கப்படவேண்டும்.

முடிவுரை

மாமல்லபுரத்தில் பார்வையாளர் பட்டறிவை மேம்படுத்துவதற்குப் புதிதாக எழுப்பவேண்டியது மிகக் குறைவு. சான்றுகள் பாறையிலேயே உள்ளன; அவற்றைப் படிக்கவல்ல ஆய்வு ஒரு நூற்றாண்டிற்கு மேலாக வளர்ந்துள்ளது; கல்லை அறிந்த கைகளும் அதே தெருவில் உள்ளன. இம்மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காமையே குறைபாடு. இக்குறைபாட்டிற்குச் சுற்றுலாத் துறையையும் தொல்லியல் துறையையும் மட்டும் பொறுப்பாக்குவது பொருந்தாது. பல்கலைக்கழகங்களில் மாமல்லபுரம் பற்றி எழுதப்படும் ஆய்வுகள் ஆய்வாளருக்காகவே எழுதப்படுகின்றன. வாயிற்பலகையின் நான்கு வரிகளை எழுதுவது ஆய்வுப்பணியாக மதிக்கப்படுவதில்லை. அந்நான்கு வரிகளைச் சான்றோடும் தெளிவோடும் தமிழில் எழுதுவது, நானூறு பக்க ஆய்வேட்டிற்குக் குறையாத உழைப்பை வேண்டும் பணி. அதனை ஆய்வுலகம் தன் பொறுப்பாக ஏற்கும்போதே, காணவருவோர் பார்வையாளர் என்னும் நிலையிலிருந்து கல்லைப் படிப்போர் என்னும் நிலைக்கு உயர்வர்.